கடைசி முனையில் ஒரு மஞ்சள் நாற்காலி

மெர்ல் தார்ஸ்பியை எனக்கு வெறும் குரலாகத்தான் தெரியும். கார்ப் பந்தயம் நடக்கும் அந்த வறண்ட ஏரியின் தெற்கு முனையில் அவர் கொடியோடு நிற்பார். வடக்கு முனையில், மூன்று மைல் தள்ளி, நான் ஒரு மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் தரையோடு தரையாக ஒரு வயர். அவர் அங்கே கைப்பிடியைச் சுற்றினால் என் காலடியில் இருக்கும் போன் பெட்டி மணியடிக்கும். நான் எடுப்பேன்.

"வழி காலியா?"

"காலி."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் கொடியை இறக்குவார். ஒரு கார் கிளம்பும். முதலில் சத்தம் வராது, வெள்ளையாக ஒரு வால் மட்டும் தரையிலிருந்து எழும்பும். பிறகு சத்தம். நடுவழியில் லூயெல்லா அக்கா கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மேசையில் இருப்பார். அவரிடமும் அதே வயரில் ஒரு போன். அங்கே கால் மைல் இடைவெளியில் இரண்டு வயர்கள் குறுக்கே கிடக்கும். முதல் வயரை மிதித்தால் கடிகாரம் ஓடும், இரண்டாவதை மிதித்தால் நிற்கும். அதற்கும் ஒன்றேகால் மைல் அப்பால் நான். என்னிடம் வந்து சேரும்போது கார்களுக்கு வேகம் பாதி போயிருக்கும். ஓட்டுகிறவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவான், அல்லது தூக்க மாட்டான். திரும்பிப் பக்கத்துத் தடத்தில் தெற்கே போய்விடுவான். மறுபடி நானும் நாற்காலியும்.

என் பெயர் வெண்டெல் குபிச்செக். போனில் சொல்ல அது நீளம் என்பதால் எல்லோரும் என்னைக் 'கடைசி' என்றார்கள். கடைசி முனையில் இருப்பவன். நெப்ராஸ்காவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாட்டில் மூடி செய்யும் ஆலையில் வேலை. ஒரு நாளில் வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு வாக்கியம், ஃபோர்மேனிடம் நான்கு வாக்கியம் பேசுவேன். மீதி நேரம் காரோடு.

அது இருபத்தொன்பதாம் வருடத்து ஃபோர்டு. காயலான் கடையில் கிடைத்த உடம்பு, வேறொரு வண்டியின் நாலு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர் மூடியை நானே இழைத்து மெலிதாக்கி, கார்புரேட்டரை இரண்டாக்கியிருந்தேன். என் கணக்குப்படி அது மணிக்கு நூறு மைலைத் தாண்டும். தாண்டுமா என்று கேட்கத்தான் ஓர் ஆள் இல்லை.

கேட்கும் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் மேவுட் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் ஓணான் கிளப் கூடும். பதினோரு பேர். ஆளுக்கொரு தட்டில் ஆப்பிள் பை, நடுவில் ஒரு கார்புரேட்டர். தட்டை ஒதுக்கிவிட்டு அதைப் பிரித்துப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். வேலை முடிந்து அந்தப் பக்கமாகப் போகும்போது ஜன்னலில் பார்ப்பேன். எனக்கு அது நேர் வழி இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கமாகப் போவேன்.

ஓணான் ஆவதற்கு ஒரே நிபந்தனை. பந்தய நாளில், லூயெல்லா அக்காவின் கடிகாரத்தில், அந்தக் கால் மைலை ஒன்பது நொடிக்குள் தாண்ட வேண்டும். ஒன்பது நொடி என்றால் சரியாக மணிக்கு நூறு மைல். ஆனால் எந்தக் கிளப்பிலும் இல்லாதவனை, பந்தயத்தை நடத்தும் சங்கம் ஓடவே விடாது. இந்த முடிச்சுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. ஒரு சீசன் முழுக்க ஏரியில் வேலை பார்த்தவனுக்கு, கடைசிப் பந்தயத்தில் ஓர் ஓட்டம் தருவார்கள். அதனால்தான் மே மாதத்திலிருந்து நான் அந்த நாற்காலியில் இருந்தேன். யாருக்கும் அந்த இடம் வேண்டியிருக்கவில்லை. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தது. அதற்கப்புறம் மழை விழும், ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அடுத்த மே வரை யாரும் வர மாட்டார்கள். விடியும்போதே நான் என் முனையில் இருந்தேன். மட்கார்டுகள், ஹெட்லைட், முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் அடுக்கினேன். போனை எடுத்தேன்.

"மெர்ல் அண்ணே, இன்னைக்கு எனக்கு ஒரு ஓட்டம் உண்டு."

"ஞாபகம் இருக்கு தம்பி. பட்டியல்ல உன்னையும் போட்டிருக்கேன். ஆனா நீ இங்க வந்துட்டா அங்க யாரு?"

"அது நீங்க யாரையாவது..."

"கேட்டுப் பாக்குறேன்."

கேட்டார். அவர் கேட்டது எனக்கே போனில் கேட்டது. "கடைசி முனையில கால் மணி நேரம் உக்கார யார்ப்பா வர்றீங்க?" யாரோ சிரித்தார்கள். "அங்கயா? பொண்டாட்டிய விட்டு ஓடி வர்றவன்தான் அங்க உக்காருவான்" என்று ஒரு குரல். இன்னொரு குரல், "அந்த ஆள் அங்கயே முளைச்சவன் இல்லையா?" மெர்ல் போனைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, "பாப்போம் தம்பி. முதல்ல ஆரம்பிச்சிருவோம். பதினோரு மணிக்குக் காத்து கிளம்பிரும்" என்றார்.

ஏழு கார் ஓடியது. எட்டாவது கார் லூயெல்லா அக்காவைத் தாண்டியதும் ஒரு பெரிய இரும்புச் சத்தம் கேட்டது. அப்புறம் எஞ்சின் சத்தமே இல்லை. அந்தக் கார் தானாக உருண்டு உருண்டு என் நாற்காலிக்கு இருபதடி முன்னால் வந்து நின்றது. கீழே எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. தூசிக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஒருவன் இறங்கினான். அவனை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். டாயல் புரூயிட், ஓணான்.

"கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சு. எஞ்சின் ராடா?"

"ரெண்டாவது ராடு. பக்கச் சுவத்த ஒடைச்சுக்கிட்டு வெளிய வந்து வணக்கம் சொல்லுது, பாரு. கைய விட்டா தோள் வரைக்கும் போகும்." அவன் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி மண்ணைக் கொட்டினான். "தண்ணி இருக்கா மாப்ள?"

கொடுத்தேன். ஒரு ஆப்பிளும் கொடுத்தேன். அவன் மென்றுகொண்டே என் காரைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். விரலால் சிலிண்டர் மூடியின் விளிம்பைத் தடவினான்.

"இது யாரோடது?"

"என்னோடது."

"நீ ஓட்டி நான் பாத்ததே இல்லையே. இன்னைக்குத்தான் கழட்டினியா இதெல்லாம்?"

"ஒவ்வொரு தடவையும் கழட்டுவேன்."

"கழட்டி?"

"சாயங்காலம் மாட்டிருவேன்."

"எதுக்குய்யா?"

"சும்மா. தயாரா இருக்கட்டும்னு."

அவன் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். இடையில் மணியடித்தது, ஒரு காருக்குக் காலி சொன்னேன், அது வந்து திரும்பிப் போனது. அப்புறம் என் நாற்காலியைத் தட்டினான்.

"எந்திரி. நான் உக்கார்றேன். என் ஆளுங்க கயித்தோட வர்ற வரைக்கும் எனக்கு என்ன சோலி? நீ போய் ஓட்டிட்டு வா."

அவனுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். மணியடிச்சா எடு. ரெண்டு பக்கமும் பாரு. தூசி அடங்கினப்புறம் காலின்னு சொல்லு. அடங்குறதுக்கு முன்னாடி சொல்லாத. போனில் மெர்லிடம் ஆள் கிடைத்துவிட்டது என்றேன்.

"யாரு, டாயலா? அவன் வாய் ரெண்டு நிமிஷம் சும்மா இருக்காதே. லைன் பூரா அவன் கதைதான் ஓடும்."

"அண்ணே, நானும் லைன்லதான் இருக்கேன்" என்றான் டாயல்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

பக்கத்துத் தடத்தில் மெதுவாகத் தெற்கே போனேன். எஞ்சினைச் சூடாக்காமல் கொண்டுபோக வேண்டும். வரிசையில் பத்தொன்பது கார்கள் நின்றன. நான் வரிசையின் கடைசியில் போய் நின்றபோது, தொப்பி போட்ட, பள்ளிக்கூடப் பையன் உயரமே இருந்த ஒருவர் கையை ஆட்டி என்னை முன்னால் கூப்பிட்டார். "வா தம்பி, நீ முதல்ல போ. உன் நாற்காலி ஆறிடும்." அந்தப் பெரிய குரல் அந்தச் சின்ன உடம்பிலிருந்துதான் இத்தனை மாதமும் வந்திருக்கிறது.

கோட்டில் காரை நிறுத்தினேன். தூசிக் கண்ணாடியை மாட்டினேன். மெர்ல் கைப்பிடியைச் சுற்றினார்.

காத்திருந்தார். மறுபடி சுற்றினார்.

"எடுக்கலையே."

மூன்றாவது தடவை சுற்றிவிட்டு ரிசீவரை என் பக்கமாக நீட்டினார், நானே கேட்டுக்கொள்ளட்டும் என்பதுபோல. உள்ளே லூயெல்லா அக்காவின் குரல், "எனக்கு மணி அடிக்குது மெர்ல். கடைசிதான் எடுக்கல." அவ்வளவு நாளும் மணி அடித்தால் எடுக்கிற ஆள் நான். எடுக்காத மணியை அன்றுதான் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

"ஏய் கடைசி! உன் வீட்டுல ஆள் இல்லையாம்டா!"

"கதவ சாத்திட்டு வந்தியா?"

"காத்து வருது, எடுங்கப்பா! இவ்ளோ பெரிய ஏரியில எவன் குறுக்க நிக்கப் போறான்?"

மெர்ல் என் காரின் மேல் கையை வைத்துக் குனிந்தார். மெதுவாகத்தான் கேட்டார். "நீ இப்பத்தான் அங்கேருந்து வந்தே. காலியாத்தானே இருந்துச்சு?"

"வர்றப்ப இருந்துச்சு."

"அப்ப சொல்லு. நீ காலின்னு சொன்னா கொடிய இறக்கிடறேன். வருஷம் பூரா உன் வார்த்தையிலதான இறக்கினேன்?"

வடக்கே பார்த்தேன். அடிவானம் வெள்ளையாக இருந்தது. அதில் ஓரிடம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளை. காற்று கிளப்பியதாக இருக்கலாம். என் காரே கிளப்பிவிட்டு வந்த தூசியாகவும் இருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை.

"தெரியலண்ணே" என்றேன்.

"தெரியலைன்னா?"

"அடங்கின மாதிரி தெரியல."

அவர் நிமிர்ந்தார். நான் காரைத் திருப்பினேன். வரிசையைத் தாண்டிப் போகும்போது ஒருவன், "அடுத்த வருஷம் வா தம்பி, அடங்கிரும்" என்றான். அதற்குச் சிரித்தார்கள். மூன்று மைல் தூரமும் பக்கத்துத் தடத்திலேயே போனேன். வேகமாகப் போகவில்லை. போய் என்ன?

நாற்காலியில் டாயல் இல்லை. அவன் காரும் இல்லை. நாற்காலி மேல் அவனுடைய தோல் கையுறைகள் இரண்டும் இருந்தன. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு இறங்கிப் போனவன் மாதிரி. இதோ திரும்பி வந்துவிடலாம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

தடங்களைப் பார்த்தேன். இரண்டு கார்களின் சக்கரத் தடம், நடுவில் கயிறு இழுபட்ட கோடு. ஓணான்கள் கார் நிறுத்தும் இடம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. பக்கத்துத் தடத்தில் சுற்றிப் போகாமல் நேர் குறுக்காக, ஓடுபாதையை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பாதையின் நடுவில் ஓரிடத்தில் கயிறு அறுந்து, மறுபடி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அங்கே பூட்ஸ் தடங்கள். தோசைக்கல் அளவுக்குக் கறுப்பாக எண்ணெய்.

நான் கோட்டில் நின்ற நேரத்தில் இவர்கள் இங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

போனை எடுத்துச் சுற்றினேன். "கடைசி பேசுறேன்."

"காலியா?" என்றார் மெர்ல்.

"ரெண்டு நிமிஷம் குடுங்கண்ணே. பாதையில எண்ணெய் சிந்திருக்கு. மண்ணு போட்டுட்டு சொல்றேன்."

"குறுக்கயா போனானுங்க?"

"ஆமா."

"நான் இறக்கியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. லூயெல்லா அக்காவும் லைனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொப்பியில் மண் அள்ளி எண்ணெயை மூடினேன். காலால் மிதித்துப் பார்த்தேன். வந்து "காலி" என்றேன். பத்தொன்பது காரும் ஓடின. எல்லோருடைய நொடிக்கணக்கையும் போனில் கேட்டேன். எட்டு புள்ளி நான்கு. எட்டு புள்ளி ஒன்பது. ஒன்பது புள்ளி இரண்டு. ஒன்பதுக்கு மேல் வந்தால் தூரத்தில் ஒரு ஆள் கெட்ட வார்த்தை சொல்வது கேட்கும்.

பதினோரு மணிக்குக் காற்று எழுந்தது. தெற்கிலிருந்து வந்தது, முதலில் காகிதத்தைத் தள்ளுகிற அளவு, அப்புறம் மனுஷனைத் தள்ளுகிற அளவு. தெற்கு முனையில் கார்கள் ஒவ்வொன்றாக ரோட்டுப் பக்கம் நகர்வது சின்னச் சின்னத் தூசி வாலாகத் தெரிந்தது. நான் மட்கார்டை எடுத்து மாட்ட ஆரம்பித்தேன். முதல் போல்ட்டைப் பாதி திருகியிருப்பேன், மணியடித்தது.

"தம்பி," என்றார் மெர்ல், "எல்லாம் ஓடியாச்சு. காத்தும் வந்துருச்சு."

"சரிண்ணே. வயர சுத்த அங்க வர்றேன்."

"இருப்பா." இது லூயெல்லா அக்கா. எண்களைத் தவிர வேறெதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "எங்கிட்ட ரெண்டு வயர் இருக்கு. ஒண்ணு ஆரம்பம், ஒண்ணு முடிவு. கடிகாரப் பெட்டியில மாத்திச் சொருகிட்டா முடிவு ஆரம்பமாயிரும். நீ அங்கேருந்தே வா."

"வடக்கேருந்தா?"

"கடிகாரத்துக்கு வடக்கு தெற்கு தெரியுமா என்ன? மெர்ல், உனக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

"எதிர்க்காத்து அக்கா. பாதி வேகத்தக் காத்தே தின்னுரும்."

"அது அவன் பாடு. பையன் எழுந்து வர நேரம் குடு."

மாட்டின மட்கார்டை மறுபடி கழற்றினேன். காரைப் பாதையின் நடுவில் தெற்குப் பார்த்து நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, இறங்கி நாற்காலிக்கு வந்து ரிசீவரைக் காதில் வைத்தேன். என்ன கேட்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் நான் பேசிப் பழக்கமில்லை.

"வழி காலியா?" என்றேன்.

மெர்ல் திரும்பி, யாரையோ "தள்ளுய்யா, தள்ளு" என்று விரட்டுவது கேட்டது. அப்புறம் சொன்னார்.

"காலி தம்பி."

ரிசீவரைக் கையுறைகள் மேல் வைத்துவிட்டு ஓடினேன்.

கொடி கிடையாது. நானே கிளம்பினேன். முதல் கியர், இரண்டாவது, கடைசிக் கியர். அரை மைலில் கார் உதறுவது நின்று, தரையே இல்லாத மாதிரி ஆனது. பிறகு காற்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஆக்ஸிலரேட்டர் தரைப் பலகையோடு ஒட்டியிருந்தது, அதற்கு மேல் மிதிக்க எதுவும் இல்லை. முகத்தில் மண் ஊசி மாதிரிக் குத்தியது. தலையைக் குனிந்து, ஸ்டியரிங் வளையத்தின் வழியாகத்தான் பார்த்தேன். ஒரு மேசை. தொப்பியைக் கையால் அமுக்கிக்கொண்டு எழுந்து நிற்கும் ஒரு பெண். சக்கரத்துக்கடியில் வயர் தட்டியதா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குள் அவர் பின்னால் போய்விட்டார்.

தெற்கு முனையில் வந்து நின்றபோது அங்கே நான்கு கார்கள்தான் இருந்தன. பெட்ரோல் டின் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. கொடியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு மெர்ல் நின்றிருந்தார். ஓணான்களில் ஒருவரும் இல்லை.

லூயெல்லா அக்கா தன் லாரியில் வந்து சேர்ந்தார். அவர் மடியில் ரசீதுப் புத்தகம்.

"பேரு?" என்றார்.

"கடைசி" என்றார் மெர்ல்.

"அப்படியெல்லாம் எழுத முடியாது."

சொன்னேன். எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினார். பிறகு நொடிக்கணக்கை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ஒன்பது புள்ளி ஒன்று ஏழு நொடி. மணிக்குத் தொண்ணூற்றெட்டு மைலும் கொஞ்சமும்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெர்ல் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

"இந்தக் காத்துலயா?" என்றார். "காலையில போயிருந்தா எட்டரை வந்திருக்கும்."

"ஓணான்களுக்கு ஒன்பதுக்குள்ள வேணும்."

"ஆமா. வேணும்." அவர் பொய் சொல்லவில்லை. காற்றுக்காகத் தள்ளுபடி உண்டு என்றோ, அவர்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றோ சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. "மே மாசம் ஏரி காயும்" என்றார்.

ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன். காரில் ஏறினேன். போன் வயர் இன்னும் தரையில் கிடந்தது. அதைச் சுருட்டுவதும் என் வேலைதான். தெற்கே இருந்து வடக்கே, உருளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் சுற்றுவது. நின்று நின்று போக வேண்டும்.

பக்கத்து இருக்கையில் யாரோ ஏறுவது தெரிந்தது. மெர்ல் தொப்பியைக் கழற்றிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

"உருளைய இங்க குடு. நீ ஓட்டு."

மூன்று மைலும் அவர் சுற்றினார். அதிகம் பேசவில்லை. ஒரு தடவை, "இவ்ளோ தூரமா?" என்றார். இன்னொரு தடவை, "மெதுவாப் போப்பா, கை அறுக்குது" என்றார். எண்ணெய்க்கு நான் மண் போட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பார்த்தார். பூட்ஸ் தடங்களையும் பார்த்தார். ஏறிக்கொண்டார்.

நாற்காலி காற்றில் விழுந்து கிடந்தது. கையுறைகள் பெட்டியின் அடியில் சிக்கியிருந்தன. மெர்ல் நாற்காலியை நிமிர்த்தித் தூசியைத் தட்டினார். அது அவர் வீட்டுச் சமையலறையிலிருந்து மே மாதம் கொடுத்துவிட்டது, பெயிண்ட் அவர் மனைவி அடித்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அதில் உட்கார்ந்து தெற்கே பார்த்தார்.

"இங்கேருந்து நான் எப்படித் தெரிவேன்?"

"தெரிய மாட்டீங்க."

"கொடி?"

"தெரியாது. தூசி கிளம்பினாத்தான் நீங்க இறக்கினது தெரியும்."

அவர் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. நான் மட்கார்டுகளை எடுத்து மாட்ட ஆரம்பித்தேன். இடது பக்கம் முடித்து வலது பக்கம் போனபோது, அவர் வந்து மட்கார்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் பிடித்து ஒருவர் திருகினால் அது நாலே நிமிட வேலை. நான் எப்போதும் அதைக் காலால் முட்டுக்கொடுத்து, அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.